கையை எடுக்கும்வரை

சவப்பெட்டியை இறக்கும்போதே அவள் வாசலைத்தான் பார்த்தாள். நினைத்த மாதிரியே நின்றுகொண்டிருந்தான் அரைக்கண், கழுத்தில் கேமராவோடு.

"ஒரு மணி நேரந்தாம்மா. ஒருதரம் மூடினா மூடினதுதான், மறுபடி திறக்க விடமாட்டாங்க," என்றார் வண்டிக்காரர்.

மலைப்பாதையைப் படமெடுக்கப் போன இடத்தில், விடுதிக் கட்டிலில், தூக்கத்திலேயே கணவரின் இதயம் நின்றுபோய் ஐந்து நாள். பயணப் பத்திரிகைகளுக்குப் பாதி வருஷம், நாளிதழுக்கு மீதி வருஷம் என்று அலைந்த மனுஷன். வீட்டில் தங்கிய நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். செத்த பிறகும் ஒரு மணி நேரந்தான் தங்கப் போகிறார். அதற்குள் அந்த முகத்தை ஆசைதீரப் பார்த்துவிட வேண்டும். அவளுக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

மூடியைத் திறந்தார்கள். அரைக்கண் உள்ளே வந்து எதிர்ச்சுவரோரம் நின்றான். இருபது வருஷம் கணவரோடு ஒரே நாளிதழில் படமெடுத்தவன். எப்போதும் ஒரு கண்ணைச் சுருக்கியே பார்ப்பதால் அவர் வைத்த பெயர் அது. அவன் கை கேமராவின் மேல் இருந்தது.

அவள் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

அந்த நிற்பு அவளுக்குத் தெரியும். கூடத்துச் சுவரில் கணவருக்குப் பரிசு வாங்கித் தந்த படம் தொங்குகிறது. வெள்ளத்தில் பிள்ளையைப் பறிகொடுத்த பெண், அப்போதுதான் கைகளைத் தாழ்த்திய முகம். சாப்பிடும்போது அதைப் பற்றி எத்தனை தடவை சொல்லியிருக்கிறார்!

"எவ்வளவு நேரம் மூடிக்கிட்டிருப்பாங்க? கடைசியா ஒரு தடவை பாக்கக் கைய எடுத்துத்தானே ஆகணும்? அதுவரைக்கும் நான் அசையமாட்டேன்."

"அந்தம்மா உங்கள ஒண்ணும் சொல்லலையா?"

"அவ எங்க என்னப் பாத்தா?" என்றுவிட்டுத் தண்ணீர் குடித்தார்.

நாளைக் காலை தன் முகமும் அப்படி அச்சாகும், யாராவது டீ குடித்துக்கொண்டே பார்ப்பார்கள் என்று நினைக்கவே அவளுக்கு உடம்பு கூசியது. அவன் போய்த் தொலையட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம். விரலிடுக்கில் பார்த்தால் கண்ணீரில் எல்லாம் கலங்கித் தெரிந்தது.

"அம்மா, அப்பாவப் பாரும்மா. நேரமாகுது." மகள் தோளை உலுக்கினாள்.

"பாக்கறேன். இரு."

திரும்பவும் உலுக்கினாள். கையை எடுக்காமலே அவளும் திரும்ப "இரு" என்றாள். மூடியை நகர்த்தும் சத்தம் கேட்டது. இந்த நொடிக்காகத்தான் காத்திருப்பான் என்று விரல்களை இன்னும் இறுக்கிக்கொண்டாள். திருகாணிகள் ஒவ்வொன்றாக இறங்கின.

வண்டி கிளம்பிய சத்தம் தெருமுனையில் அடங்கிய பிறகுதான் கைகளை எடுத்தாள். அரைக்கண் அதே இடத்தில் நின்றிருந்தான். இரண்டு கண்ணும் அழுது வீங்கியிருந்தன.

"படம் எடுத்துட்டு வரச் சொல்லித்தான் அனுப்பினாங்க அண்ணி. என்னால முடியல. வெறுங்கையோட நிக்கத் தெரியல, அதான் இத மாட்டிக்கிட்டு..."

லென்ஸின் கறுப்பு மூடி கழற்றாமலே இருந்தது.

அவன் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு வண்டி போன வழியே போனான்.

பெட்டி இருந்த இடத்தில், உள்ளே வைத்த ஐஸ் உருகிக் கசிந்து, தரை நீளவாக்கில் ஈரமாகக் கிடந்தது. மகள் துணியோடு வந்து குனிந்தாள்.

"துடைக்காத. இரு."

மின்விசிறிக் காற்றில் அது ஓரங்களிலிருந்து காய்ந்துகொண்டு வந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.