நல்லேர் நாளில் கூடைப்பந்து

1912 சித்திரையில், கல்லிடைக்குறிச்சி ஹைஸ்கூல் டிரில் வாத்தியார் மத்தியாஸ் தன் பையன்களைப் பாளையங்கோட்டை அணிக்கு எதிராகக் களமிறக்கினார். கூடைப்பந்து ஆட வயலை இரவல் தந்த தில்லைநாயகம் பிள்ளை, வருஷத்தின் முதல் உழவான நல்லேருக்குக் காளைகளோடு வரப்பில் நின்றார்.

"பாளையங்கோட்டைக்காரன்கிட்ட தோத்தீருன்னா நல்லேரை இங்கனயே பூட்டிருவேன் வே! ஏழரைக்கு ராகுகாலம். அதுக்கு முன்ன ஆட்டத்தை முடிச்சிரும்."

புள்ளிகள் மூன்றுக்கு மூன்று என்று சமமாக நின்றன. ஊரே மூச்சடக்கியதில் தாமிரபரணிகூட ஒரு நிமிஷம் நின்றுதான் ஓடியது. எதிராளி எறிந்த கடைசிப் பந்து, கூடை விளிம்பை ஒன்பது சுற்றுச் சுற்றி உள்ளே விழுந்தது.

களம் போச்சு! மத்தியாஸ் கண்ணை மூடிக்கொண்டு ஏர்ச் சத்தத்துக்குக் காத்திருந்தார். வரவில்லை. பிள்ளை நடுவரின் சட்டையைப் பிடித்திருந்தார்.

"கோட்டை மிதிச்சுல்லா எறிஞ்சான்! உமக்குக் கண்ணு பொடதியிலயா இருக்கு?"

அந்தச் சண்டை மணிமுத்தாறு மலைவரை கேட்டது. கடைசியில் ஏர்க்காரன் கத்தினான்: "எசமான், ராகுகாலம் பொறந்துட்டு!"

பிள்ளை துண்டை உதறினார். "இனி எங்கன பூட்ட? மாட்டைப் பத்திட்டுப் போலே. வாத்தியாரே, நாளைக்கும் வரச்சொல்லும் அந்தப் பயக்களை!"

பிறகு அந்த வயலில் ஏர் இறங்கவே இல்லை. வருஷாவருஷம் நல்லேர் நாளில் ஊரே அங்கே பந்தாட்டம் பார்த்தது. நடுவர் மட்டும் வெளியூரிலிருந்து பயந்துகொண்டே வந்தார்.