வீரம்மாவின் பன்னிரண்டு மணி நேரம்

செல்லசாமி ஐயா சிவப்பு மைப் பேனாவை எடுத்து, என் மணிப் புத்தகத்தில் நான் ‘காலை 5’ என்று எழுதியிருந்ததைக் குறுக்கே வெட்டினார். அதற்கு மேலே ‘பிற்பகல் 3’ என்று எழுதினார். எழுதிவிட்டு மை ஒற்றும் தாளை வைத்துப் பதமாக ஒற்றவும் செய்தார். 

மருத்துவிச்சிப் பயிற்சிக்கு அறுநூறு மணி நேரம் காட்ட வேண்டும். தோட்டத்தில் எந்த லயத்து வரிசை வீட்டில், யார் பக்கத்தில், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை இருந்தேன் என்று நான் எழுத வேண்டும். ஒவ்வொரு வரியின் கடைசிக் கட்டத்திலும் மருந்து கொடுக்கும் தோட்டத்து டிஸ்பென்சர், அதாவது செல்லசாமி ஐயா, கையெழுத்துப் போட வேண்டும். பதினோரு மாதம் மழையிலும் அட்டைக்கடியிலும் லயம் லயமாக ஏறி இறங்கி, ஒரு மணிகூடக் கூட்டிப் போடாமல் அறுநூற்று நான்குக்குக் கொண்டுவந்திருந்தேன். இன்று சாயந்தரத்துக்குள் புத்தகத்தை ஹட்டனில் கொடுக்காவிட்டால் பரீட்சை கிடையாது. பரீட்சை இல்லையென்றால் நாளையிலிருந்து நானும் கூடையை மாட்டிக்கொண்டு தேயிலைக் கொழுந்தெடுக்கப் போக வேண்டியதுதான்.

“இப்பக் கூட்டிப் பாரு பூரணி. ஐந்நூத்தித் தொண்ணூத்தி நாலு. ஆறு மணி குறையுது” என்றார்.

“வெட்டுனது நீங்கதானேங்க?”

“வெட்டாம? வலின்னு மூணு மணிக்குத்தான் ஆள் வந்துச்சுன்னு தொரையோட ரிப்போட்டு டவுனுக்குப் போயிருச்சு. நீ அஞ்சுன்னு எழுதி டவுனுக்குக் கொண்டு போனா என் வேலை என்னாகுறது?”

நடந்தது இதுதான். பதின்மூன்று நாளைக்கு முன்னால், விடியற்காலை ஐந்து மணிக்கு, வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்கு ஆளைக் கூப்பிடத் தப்புப் பறை அடித்துக்கொண்டிருந்தபோதே மூக்கன் வந்து என்னைக் கூப்பிட்டான். அவன் பெண்சாதி வீரம்மாவுக்குத் தலைப்பிரசவம். பிள்ளை குறுக்கே கிடப்பது என் கைக்குத் தெரிந்தது. ஏழு மணிக்கே டிஸ்பென்சரிக்கு ஓடி, டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று சொல்லிவிட்டேன். ஐயா மேனேஜர் தொரையின் பங்களாவுக்குப் போய் லொறி கேட்டார். கொழுந்து ஏற்றி முடியட்டும் என்று தொரை சொன்னாராம். இவர் சரிங்க என்று திரும்பி வந்துவிட்டார். அவ்வளவுதான், இரண்டாம் தடவை கேட்கப் போகவில்லை. நான் மட்டும் இவரிடம் மூன்று தடவை ஓடினேன். லொறி நான்கு மணிக்கு வந்தது. ஹட்டன் ரோட்டில் பாதி வழியில், கொழுந்துச் சாக்குகளுக்கு நடுவே, ஐந்து மணிக்குப் பெண் பிள்ளை பிறந்தது. அழவில்லை.

அதோடு விட்டார்களா? மறுநாள் பெரட்டில், எங்களை வேலை வாங்கும் கண்டாக்கையா இருநூறு பேர் முன்னால் சொன்னார்: “வலி வந்தா ஒடனே சொல்லியனுப்பணும். வீரம்மா மாதிரி மூணு மணி வரைக்கும் மூடி வச்சிக்கிட்டுக் கெடந்தா இப்படித்தான் ஆகும்.” அன்றிலிருந்து தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் அவளைப் பார்த்தாலே பெண்கள் பேச்சை நிறுத்துகிறார்கள்.

செல்லசாமி ஐயா வெளியாள் என்றாலாவது மனசு ஆறும். எங்கள் ஏழாம் நம்பர் லயத்தில் பிறந்தவர். படித்து, வெள்ளைக் கால்சட்டை போட்டு, எங்கள் சனத்திலிருந்து டிஸ்பென்சரான முதல் ஆள். அவர் வந்த அன்றைக்கு என் அம்மா தேங்காய் உடைத்தாள். அந்தத் தேங்காயைச் சட்னி அரைத்தாவது தின்றிருக்கலாம்.

“ஒங்கிட்டக் கடிகாரம் இருக்கா? அஞ்சு மணின்னு எப்படி எழுதுன?” என்று கேட்டார்.

எங்கள் யாரிடம் கடிகாரம் இருக்கிறது? தோட்டத்தில் நேரத்தை நாங்கள் காதால்தான் தெரிந்துகொள்கிறோம். தப்பு, பேர் கூப்பிடும் சத்தம், தேயிலை ஆலை இஸ்டோரின் சங்கு. மற்ற ஐந்நூற்றுத் தொண்ணூற்று இரண்டு மணியையும் அப்படித்தான் எழுதினேன். அத்தனைக்கும் வாயைத் திறக்காமல் கையெழுத்துப் போட்டவர், இந்த ஒன்றுக்கு மட்டும் கடிகாரம் கேட்கிறார்.

அப்புறம் குரலைத் தணித்தார். “கோவப்படாத புள்ள. அந்த ஆறு மணியை வேற ஏதாச்சும் ரெண்டு நாள்ல சேர்த்து எழுதிக்க. கண்ணை மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போடுறேன். ஒனக்கும் அறுநூறு ஆச்சு, எனக்கும் தொல்லை இல்ல.”

எதற்கு மறைக்க வேண்டும்? நான் மனசுக்குள் கணக்குப் போட்டேன். மூன்றாம் நம்பர் லயத்தில் மூன்று மணி, கீழேயுள்ள பணிய லயத்தில் மூன்று மணி. சரியாக வந்தது. சரியாக வந்ததும் என்மேலேயே காறித் துப்பலாம் போலிருந்தது.

வாசலில் நிழல் விழுந்தது. வீரம்மா. பால் கட்டிக் காய்ச்சலென்று மருந்துக்கு வந்து நின்றிருக்கிறாள். மார்பை இறுக்கிக் கட்டியிருந்த துணி முன்பக்கம் முழுக்க நனைந்திருந்தது. எவ்வளவு நேரமாகக் கேட்டுக்கொண்டிருந்தாளோ. உள்ளே வந்து, மேசைக்கு முன்னால் நின்று, ஐயாவைப் பார்த்துச் சொன்னாள்.

“நேரம் எனக்குத் தெரியும்ங்க. தப்பு அடிக்கிறப்ப பனிக்கொடம் ஒடைஞ்சிச்சு. கண்டாக்கையா பேரு கூப்புட்டது லயத்துக் காம்பிராவுக்குள்ள கேட்டுச்சு. இஸ்டோருல மத்தியானச் சங்கு ஊதுனப்ப இவ மூணாந்தடவையா ஒங்ககிட்ட ஓடியாந்தா. நீங்க சொல்றீங்களே மூணு மணி, அப்ப நான் கத்துறதயே விட்டுட்டேங்க.”

ஐயா பஞ்சுப் போத்தலின் மூடியைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார்.

“எதுல எழுதணும் பூரணி?” என்று வீரம்மா கேட்டாள்.

சிவப்புக் கோட்டுக்குக் கீழே புதிய வரியில் நான் மறுபடி எழுதினேன். காலை 5 முதல் மாலை 5 வரை. பன்னிரண்டு மணி.  கையெழுத்துக் கட்டம் காலியாக இருந்தது. மருந்துக்கு வருகிறவர்களிடம் கைநாட்டு வாங்குவதற்காக மேசைமேல் ஊதா மைப்பெட்டி எப்போதும் இருக்கும். வீரம்மா அதைத் தானே திறந்து பெருவிரலை அமுக்கினாள். எடுத்து, நான் காட்டிய கட்டத்தில் வைத்து, முழு பலத்தையும் கொடுத்து அழுத்தினாள்.

“அது செல்லாது. டவுன்ல தூக்கி வீசுவாங்க” என்றார் ஐயா. குரல் அவருக்கே கேட்டிருக்காது.

“வீசட்டும்ங்க. வீசுறவங்க அதுக்கு முந்தி வாசிப்பாங்கல்ல?” என்றேன்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மை இன்னும் காயவில்லை. மூடினால் எதிர்ப் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும் என்று ஹட்டன் வரைக்கும் புத்தகத்தை மடியில் விரித்தே வைத்திருந்தேன். வளைவுக்கு வளைவு காற்றில் ஏடு படபடத்தது. கட்டத்தை மீறிச் சிவப்புக் கோட்டின்மேலும் ஏறிக் கிடந்த அந்த ஊதா ரேகைகள்மேல் எதிர்ப் பக்கம் படாமல், இரண்டு ஓரத்தையும் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.