பதினாறாம் தேதி எடை

அன்று துணைச் சுகாதார நிலையத்தில் இருந்தவர்கள் நான்கு பேர். மேசைக்குப் பின்னால் செவிலியர் சுடர்விழி. எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் அமிர்தலிங்கம், வீங்கிய கால்களை அடியில் இழுத்துக்கொண்டு. சுவரோரப் பெஞ்சில் அவர் மனைவி அகிலாண்டம், மடியில் மருந்துப் பையோடு. நான்காவது ஆள் மகன் ராஜராஜன். அவன் சிங்கப்பூரில் இருந்தபடியால், பிரஷர் பார்க்கும் கருவிமேல் சாய்த்து வைத்த கைபேசியில் உட்கார்ந்திருந்தான்.

அமிர்தலிங்கத்துக்கு இதயம் பலவீனம். போன வருஷம் மூச்சுத் திணறித் தஞ்சாவூரில் ஒன்பது நாள் படுத்திருந்தார். உடம்பில் நீர் கோக்காமலிருக்கக் காலையில் ஒரு நீர் மாத்திரை. தினமும் எழுந்ததும் எடை பார்த்து நோட்டில் எழுத வேண்டும். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் உடனே சொல்ல வேண்டும். இன்னொரு தடவை ஆஸ்பத்திரியில் படுத்தால் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிடுவேன் என்று ராஜராஜன் அப்போதே சொல்லிவிட்டான். பட்டா அவன் பெயரில் இருந்தது.

இன்று எடை அறுபத்தைந்தரை. சுடர்விழி அவருடைய கணுக்காலுக்கு மேல் கட்டைவிரலால் அழுத்தி எடுத்தார். பள்ளம் அப்படியே நின்றது. நோட்டிலோ வரிசையாக அறுபத்தொன்று.

"மாத்திரை ஒழுங்காப் போடுறீங்களா?"

"அத நான்தான் கையில எடுத்துக் குடுக்கறேன் சிஸ்டர்" என்றாள் அகிலாண்டம். "பதினோரு நாளா கொள்முதல் நிலையத்துல நெல்லக் கொட்டிவச்சுக்கிட்டு அங்கேயே குடித்தனம். சாப்பாட்டோட கொண்டு போய்க் குடுத்தேன்."

"படுத்தா மூச்சு வாங்குதா?"

"இல்லையே" என்றார் அமிர்தலிங்கம்.

"அப்ப மாத்திரை போதலை. ரெண்டு மடங்காக்கச் சொல்லி டாக்டருக்கு எழுதறேன்."

அமிர்தலிங்கத்துக்கு அது நல்லதாகவே பட்டது. மாத்திரை இரண்டானால் என்ன, வீட்டில் இருந்து விழுங்கலாம், படுக்க வேண்டியதில்லை. சுடர்விழி நோட்டைப் பார்த்து எடைகளை எழுதிக்கொண்டே வந்தவர் பேனாவை நிறுத்தினார்.

"ஐயா, இன்னிக்கு என்ன தேதி?"

"பதினாலு."

"பதினாறு வரைக்கும் எடை போட்டுட்டீங்களே. நாளன்னைக்கும் அறுபத்தொண்ணுதான் இருப்பீங்களா?"

கைபேசியில் ராஜராஜன் சிரித்துவிட்டு, சட்டென்று நிறுத்திக்கொண்டான்.

"அங்க கொண்டு போனா நோட்டு பனியில நனைஞ்சிடும். அதான் ரெண்டு வாரத்துக்கும் சேத்து எழுதி வச்சுட்டுப் போனேன்."

"மூட்டை போடற தராசு பக்கத்துலயேதான இருந்துச்சு? ஏறி நின்னிருக்கலாம்ல?" என்றாள் அகிலாண்டம்.

"நின்னிருந்தா என்னையும் சாக்குல போட்டுத் தச்சிருப்பானுங்க."

யாரும் சிரிக்கவில்லை.

"எடை கெடக்கட்டும்" என்றார் சுடர்விழி. "மாத்திரையாவது நெசமா உள்ள போச்சா? போகாமலே நான் ரெண்டு மடங்குன்னு எழுதிட்டா பிரஷர் இறங்கி விழுவீங்க, கிட்னியும் கெடும். இப்பவே சொல்லிடுங்க."

அமிர்தலிங்கம் கைபேசியைப் பார்த்தார். மகன் கண் கொட்டாமல் இருந்தான். அவர் இடுப்பில் பச்சை பெல்ட்டின் பையைத் திறந்து ஒரு காகிதப் பொட்டலத்தை மேசைமேல் வைத்தார். பதினோரு மாத்திரைகள். வியர்வையில் இரண்டு ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன.

"அடப்பாவி மனுசா! தண்ணியக் குடிச்சு வாயத் தொறந்துல்ல காட்டுனீங்க!"

"அதப் போட்டா மத்தியானத்துக்குள்ள அஞ்சு வாட்டி வாய்க்காப் பக்கம் ஒதுங்கணும். அந்த நேரம் பாத்து ஈரப்பதம் பாக்கற ஆளு வந்தா அடுத்த குவியலுக்குப் போயிடுவான். அப்புறம் நம்ம முறை எப்ப வரும்?" பொட்டலத்தைச் சுடர்விழி பக்கம் தள்ளிவிட்டு, "மூணு நாளா உக்காந்துதான் தூங்கறேன் சிஸ்டர். அதையும் எழுதிக்குங்க" என்றார்.

"நெல்ல எடுத்துட்டானாப்பா?" என்று கேட்டான் ராஜராஜன்.

"நேத்து எடுத்துட்டான்."

"அப்ப குறுவைக்குச் செல்லதுரை அண்ணன்கிட்ட குத்தகை பேசிடறேன்."

அமிர்தலிங்கம் பெல்ட்டின் பையை மூடினார். "வடக்கு வயலுக்குத் தண்ணி கடைசியாத்தான் ஏறும். அதச் சொல்லிட்டுக் குடு" என்றார்.

சுடர்விழி பழைய தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதினார். பதினோரு நாளாக நீர் மாத்திரை உட்கொள்ளவில்லை. நோட்டில் உள்ள எடைகளை நம்ப வேண்டாம். இன்றைய எடை அறுபத்தைந்தரை. மூன்று நாளாகப் படுத்துத் தூங்க முடியவில்லை. மருந்து பயனளிக்கவில்லை என்று கொள்ளாமல் இன்றே நேரில் பார்த்து முடிவு செய்யவும். கையெழுத்திட்டு, தாளை மூன்றாக மடித்து உறையிலிட்டு, ஓரத்தில் பசை தடவி அழுத்தி ஒட்டினார். வாசலில் உள்ளூர் ஆட்டோக்காரர் ஃபாஜிலின் வண்டி வந்து நின்றது. கடிதத்தை அமிர்தலிங்கத்திடம் கொடுக்காமல் அகிலாண்டத்தின் கையில் கொடுத்தார். ஆட்டோ தஞ்சாவூர் சாலையில் திரும்பியது.