ஐஞ்சு ஆறுக்கு வெட்டின ஸ்கூப்

சிறீஸ்கந்தராசாவின் காரைப் பொலிஸ் மறித்தது வேகத்துக்காக அல்ல. வேகத்துக்காக மறித்திருந்தால் மனிதர் தண்டப் பணத்தைச் சிரித்துக்கொண்டே கட்டிவிட்டு, பார்க்கிறவர்களுக்கெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டு திரிந்திருப்பார். மறித்த பொலிஸ்காரி சொன்ன காரணம் வேறு. எதிரே வந்த காருக்குள் ஓட்டுகிற ஆள் ஒருவரையும் அவள் காணவில்லையாம்.

அவளையும் குறை சொல்ல முடியாது. கிரவீன் வீதியில், பட்டப்பகலில், மாம்பழ மஞ்சளில் ஒரு பழைய எட்டுச் சிலிண்டர் ஃபால்கன் தன்பாட்டில் உறுமிக்கொண்டு வந்தால் யார்தான் மறிக்க மாட்டார்கள்? கிட்டப் போய் யன்னலுக்குள் குனிந்து பார்த்த பிறகுதான், ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தபடி உள்ளே ஒரு கனவான் இருப்பது அவளுக்குத் தெரிந்தது.

எல்லாம் அந்த ஸ்கூப் செய்த வேலை. இஞ்சினுக்குக் காற்றை அள்ளிக் கொடுப்பதற்கென்று பொனட்டின் நடுவில் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிற சாமான் அது. காரை விற்றவன் பனை உயரம். தன்னுடைய உயரத்துக்கு ஏற்றமாதிரி, கலியாண வீட்டில் சோறு காய்ச்சுகிற கிடாரத்தைக் கவிழ்த்து வைத்த அளவில் ஒன்றைப் பூட்டி வைத்திருந்தான். சிறீஸ்கந்தராசா காரை வாங்கியதே அந்த ஸ்கூப்பைப் பார்த்துத்தான். மற்றவர்கள் காரைச் சுற்றிப் பார்ப்பார்கள், இவர் ஸ்கூப்பைத் தடவிக்கொடுத்தார்.

பொலிஸ்காரி ஒட்டிவிட்டுப் போன நோட்டீசில் சங்கதி சுருக்கமாக இருந்தது. ஸ்கூப் ஓட்டுகிறவரின் பார்வையை மறைக்கிறது, அதைத் திருத்தி ஓர் இஞ்சினியரிடம் காட்டிச் சரி என்று கையெழுத்து வாங்கும்வரை கார் ரோட்டில் ஓடக்கூடாது. பிரச்சினை என்னவென்றால், தங்கச்சியின் மகன் பிரஷாந்தன் தன் கலியாணத்துக்கு இந்தக் காரில்தான் மண்டபத்தில் வந்து இறங்குவேன் என்று நின்றான். மாமாதான் ஓட்ட வேண்டும் என்றும் சொல்லியிருந்தான். மாமாவும் அதை ஊர் முழுக்கச் சொல்லி முடித்திருந்தார்.

சிறீஸ்கந்தராசாவின் பெயர் அவரைவிட நீளம் என்று முதுகுக்குப் பின்னால் சொல்கிறவர்கள் உண்டு. அவர் வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவர். பகல் முழுக்க ஊரார் எலும்பை அளக்கிற மனிதர், தன்னை மட்டும் எந்த அளவுகோலுக்குப் பக்கத்திலும் நிற்க விட்டதில்லை. கலியாணம் பேசின காலத்தில் தரகர் உயரம் கேட்டபோது அவருடைய அம்மா கண்ணை இமைக்காமல் “ஐஞ்சு ஆறு” என்றா. ஏன் ஐஞ்சு ஆறு என்றால், பெண் வதனி ஐஞ்சு ஐந்து. மாப்பிள்ளை ஓர் அங்குலமாவது கூட இருக்காவிட்டால் சம்பந்தம் சரிவராது. பெண் பார்க்கப் போன நாளில் சிறீஸ்கந்தராசா எழும்பவே இல்லை, கதிரையில் இருந்தபடியே எல்லோரையும் கும்பிட்டார். கலியாணத்தன்று தலைப்பா காப்பாற்றியது. அன்றைக்குப் பிறகு அந்தக் குடும்பத்தில் ஐஞ்சு ஆறு என்பது கேள்வி கேட்கக்கூடாத விசயமாகிவிட்டது. உண்மையான அளவை அவர் வதனிக்கு ஒருநாளும் சொன்னதில்லை. இனிச் சொல்லவும் முடியாது என்று நினைத்தார். இருபது வருசத்துக்குப் பிறகு ஒரு மனிசன் மனைவிக்கு முன்னால் நாலு அங்குலம் குறைந்துபோய் நிற்பது எப்படி?

ஆகவே காரை ட்ரெய்லரில் ஏற்றிக்கொண்டு ஜசிந்தனின் கராஜுக்குப் போனபோது அவர் மனதில் ஒரே ஓர் எண்ணம்தான் இருந்தது. ஸ்கூப் குறைய வேண்டும், ஆனால் தன் உயரம் பற்றிய கதை எழும்பக்கூடாது. அதற்கு வசதியாக வதனியை வீட்டில் விட்டுவிட்டுப் போகத்தான் பார்த்தார். அவளோ, “நானும் வாறன், அந்தப் பக்கம் மரக்கறிக் கடைக்குப் போகவேணும்” என்று ஏறிவிட்டாள்.

ஜசிந்தன் நெளிந்த காரை நிமிர்த்துவதில் பெயரெடுத்தவன். வள்ளத்தில் கடல் கடந்து அகதியாக வந்தவன். விசாவுக்காகப் பல வருசம் காத்துக் கிடந்து, கிடைத்த கையோடு சொந்தக் கராஜ் போட்டுவிட்டான். அவர்கள் போனபோது ஒரு வானுக்குக் கீழே படுத்திருந்தான். காலிரண்டு மட்டும் வெளியே தெரிந்தது. அந்தக் கால்களோடுதான் கதை நடந்தது.

“அண்ணை, ஸ்கூப்பைக் கழட்டி அடியில வெட்டிக் குறைக்கலாம். அது வேலையில்லை. எவ்வளவு குறைக்கிறது எண்டதுதான் கேள்வி. உங்கட கண் எந்த உயரத்தில நிக்குது எண்டு தெரியவேணும். நீங்கள் என்ன உயரம்?”

சிறீஸ்கந்தராசா வதனியைப் பார்த்தார். வதனி கராஜின் கூரையைப் பார்த்தாள்.

“ஐஞ்சு ஆறு,” என்றார்.

“சரி,” என்றன கால்கள்.

வானுக்குக் கீழிருந்து வெளியே வந்த பிறகாவது ஜசிந்தனுக்குச் சந்தேகம் வந்திருக்கலாம். வரவில்லை. அவன் ஆறடி இரண்டு. அந்த உயரத்திலிருந்து பார்க்கிறவனுக்குக் கீழே நிற்கிற எல்லோரும் ஒரே அளவுதான்.

வேலையென்றால் அவன் வேலை. பொனட்டைக் கழற்றி மேசையில் வைத்து, ஸ்கூப்பைப் பிடித்திருந்த தறையாணிகளைத் துளைத்து எடுத்து, ஒரு சுரண்டலும் விழாமல் அதைத் தூக்கினான். பக்கத்து ரயர்க் கடைக்காரனைக் கூப்பிட்டு அளந்து பார்த்தான், சரியாக ஐஞ்சு ஆறு. அவனைச் சீற்றில் இருத்தி, கண் வருகிற இடத்தைக் குறித்து, அதிலிருந்து கணக்குப் பார்த்து ஸ்கூப்பின் அடியைச் சுற்றிவர வெட்டினான். வெட்டின விளிம்பு பொனட்டின் வளைவில் இருக்கும்வரை தேய்த்தான். ஃபைபர் துணி வைத்து, பசை ஊற்றி, காயவிட்டு, திரும்பவும் தேய்த்தான். இஞ்சினின் மேலே காற்று வடிகட்டி இருக்கிறது, ஸ்கூப் பதிந்தால் அதில் முட்டும். முட்டுதா என்று பார்க்க, மத்தியானச் சாப்பாட்டுக்கு வைத்திருந்த ரொட்டி மாவில் ஓர் உருண்டையை வடிகட்டியின் தலையில் வைத்துப் பொனட்டை மூடித் திறந்தான். மா தட்டையாகியிருந்தது, கிழியவில்லை. “காணும்,” என்றான். பிறகு அதைச் சுட்டுச் சாப்பிட்டான் என்று ரயர்க் கடைக்காரன் இன்றைக்கும் சத்தியம் செய்கிறான்.

மஞ்சள் பெயின்ற் அடித்து வந்தபோது ஸ்கூப் அரைவாசியாகத்தான் இருந்தது. ஆனாலும் வடிவு. சிறீஸ்கந்தராசாவுக்கு உள்ளூர ஒரு பயம் இருந்தது. வீட்டு வளவுக்குள் ஏறி இருந்து பார்த்தபோது முன்னால் வானம் தெரிந்தது, மரம் தெரிந்தது, எதிர்வீட்டுக் கூரை தெரிந்தது. ரோட்டுத்தான் தெரியவில்லை. குஷன் ஒன்றை வைத்து ஏறினார். இப்போது ரோட்டுத் தெரிந்தது, கிளச்சுக்குக் கால் எட்டவில்லை. கடைசியில் ஒரு துவாயை மடித்து வைத்து, கழுத்தையும் நீட்டினால் சமாளிக்கலாம் என்ற முடிவுக்கு வந்தார். கழுத்தை நீட்டுவதில் அவருக்கு இருபது வருசப் பயிற்சி.

இஞ்சினியர் கொஸ்டா நரைத்த மீசைக் கிரேக்கர். காரைச் சுற்றிப் பார்த்தார், ஸ்கூப்பின் விளிம்பில் விரலை ஓட்டி, யார் செய்தது என்று கேட்டார். ஜசிந்தனின் பெயரைச் சொன்னதும் தலையாட்டினார். அவரிடம் வருகிற வேலையில் பாதி ஜசிந்தன் அனுப்புவது. பிறகு சீற்றுக்குள் கையை விட்டுத் துவாயை உருவி எடுத்தார்.

இது என்ன என்று கேட்டார். முதுகு வலிக்கு என்றார் சிறீஸ்கந்தராசா. இதிலே இருப்பது முதுகு இல்லையே என்றார் கொஸ்டா.

காரின் முன்னால் ஒரு செம்மஞ்சள் கோனை வைக்கப்போவதாகவும், வழக்கமாக ஓட்டுவதுபோல் இருந்துகொண்டு அது தெரிகிறதா என்று சொன்னால் போதும் என்றும் கொஸ்டா விளங்கப்படுத்தினார். கோனைக் கையில் எடுத்துக்கொண்டு முன்னால் போனார். சிறீஸ்கந்தராசா கழுத்தை நீட்டினார். ஸ்கூப்புக்கு மேலால் கொஸ்டாவின் மீசைவரை தெரிந்தது. அதற்குக் கீழே உலகம் இல்லை. வதனி கதவுக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

தெரிகிறதா என்று கொஸ்டா சத்தம் போட்டார்.

“தெரியுது!”

நன்றாகத் தெரிகிறதா?

“வடிவாத் தெரியுது!”

என்ன நிறம்?

“செம்மஞ்சள்!” என்றார், இதில் என்ன சந்தேகம் என்ற தொனியில்.

கொஸ்டா சிரித்தபடி நடந்து வந்து யன்னலில் முழங்கையை ஊன்றினார். கோன் அவருடைய கக்கத்துக்குள் இருந்தது. அவர் அதைக் கீழே வைக்கவே இல்லை.

வீட்டுக்குத் திரும்புகிற வழியில் ட்ரெய்லர் இழுத்த வாகனத்துக்குள் சிறீஸ்கந்தராசாவுக்கு முகம் கொதித்தது. அவமானம் என்றால் கொஸ்டா சிரித்தது கூட அல்ல. தான் பொய் சொன்னபோது, வெளியே நின்ற வதனிக்குக் கோன் எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்கும். அவள் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டால் கதை எங்கே போய் முடியும் என்று அவருக்குத் தெரியும், அதனால் கேட்கவில்லை.

மறுநாள் கராஜில், கொஸ்டா கையெழுத்துப் போடவில்லை என்ற சேதியைக் கேட்ட ஜசிந்தன் கையிலிருந்த சாவியை மேசையில் எறிந்தான்.

“தெரியேல்லையோ? என்ர வேலையிலயோ?”

அளவு நாடாவை எடுத்து ஸ்கூப்பை அளந்தான். சரி. ரயர்க் கடைக்காரனைத் திரும்பவும் கூட்டிவந்து சீற்றில் இருத்தினான். முன்னால் ஒரு பெயின்ற் வாளியை வைத்தான். “தெரியுது, கைபிடியும் தெரியுது,” என்றான் அவன். ஜசிந்தனின் கழுத்து நரம்பு புடைத்தது.

“பாத்தியளோ அண்ணை? ஐஞ்சு ஆறுக்காரனுக்குத் தெரியுது. எனக்கு இப்ப விளங்குது, அந்தக் கிழவன் வேணுமெண்டு செய்யிறான். இத்தனை வருசம் வேலை அனுப்பினன், கடைசியா எனக்கே கழுத்தறுக்கிறான். இனி அவனும் வேண்டாம், அவன்ர கையெழுத்தும் வேண்டாம். இப்பவே அடிச்சு நாலு கேள்வி கேக்கிறன்.”

போனை எடுத்து இலக்கத்தைத் தேடத் தொடங்கினான்.

சிறீஸ்கந்தராசா மனதுக்குள் கணக்குப் போட்டார். தடுக்காவிட்டால் கொஸ்டாவின் தொழிலில் பாதி போய்விடும், அதுவும் தன்னைவிட நேர்த்தியாக அளக்கிற ஒரு மனிதரின் தொழில். தடுத்தால் போவது நாலே நாலு அங்குலம். கணக்கு இவ்வளவு சுலபமாக இருந்தும் வாய் திறக்க மறுத்தது. மரக்கறிப் பையோடு வதனி நாலடி தள்ளி நின்றாள். போனில் மணி அடிக்கிற சத்தம் கேட்டது.

“தம்பி, வையும் போனை.”

“இல்லை அண்ணை, நீங்கள் விடுங்கோ…”

“வையும் எண்டுறன்! கொஸ்டாவிலயும் பிழையில்லை, உம்மிலயும் பிழையில்லை. நான் ஐஞ்சு ஆறு இல்லை.”

ஜசிந்தன் போனை அணைத்தான். முதன்முறையாகக் குனிந்து அவரை உச்சி முதல் பாதம்வரை பார்த்தான். பார்க்க அதிக நேரம் பிடிக்கவில்லை.

“அப்ப என்ன உயரம், அண்ணை?”

வதனியின் பக்கம் திரும்பாமல், சுவரில் தொங்கின பழைய சில்லொன்றைப் பார்த்தபடி சொன்னார்.

“ஐஞ்சு… ரெண்டரை.”

ரயர்க் கடைக்காரன் மரியாதைக்காகக் காரை விட்டு இறங்கி வெளியே போனான்.

“ரெண்டு,” என்றாள் வதனி.

அவர் திரும்பினார்.

“ஐஞ்சு ரெண்டு. அரை எங்கயிருந்து வந்தது?”

“உமக்கென்னெண்டு தெரியும்?”

“இஞ்சாருங்கோ, கடையில நீங்கள் வாங்கிக்கொண்டு வாற கால்சட்டை எல்லாத்தையும் வெட்டி மடிச்சுத் தைக்கிறது ஆர்? கலியாணம் முடிஞ்ச மற்றக் கிழமையே உங்களை அளந்து முடிச்சிட்டன்.”

சிறீஸ்கந்தராசாவுக்கு முதலில் வந்தது கோபம். இருபது வருசம்! எத்தனை படத்துக்குக் குதியை உயர்த்தி நின்றிருப்பார்! எத்தனை கலியாண வீட்டில் படியிருக்கிற இடமாகப் பார்த்து நின்றிருப்பார்! எல்லாவற்றையும் இவள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். நூல் கோத்து, மடித்து, தைத்து, அயர்ன் பண்ணி மாட்டிவிட்டு, ஒரு சொல் சொல்லாமல் இருந்திருக்கிறாள். கோபம் வந்த வேகத்திலேயே வேறொன்றாக மாறியது.

“ஏன் சொல்லேல்லை நீர்?”

“சொல்லி? நீட்டவோ முடியும்?” என்றாள் வதனி. பிறகு குரலைத் தணித்து, “உங்களுக்கு அது பெரிய விசயமா இருந்தது. எனக்கு இல்லை,” என்றாள்.

ஜசிந்தன் தொண்டையைச் செருமினான். தொழில்காரனுக்கு இந்தக் கட்டத்தில் நிற்க வேறு இடமில்லை.

“அண்ணை, ஒண்டு சொல்லட்டோ. ஐஞ்சு ரெண்டுக்கு வெட்டினா இதில ஒண்டும் மிஞ்சாது. சோத்துக் கோப்பையைக் கவிட்டு வைச்சமாதிரித்தான் இருக்கும். வடிகட்டியையும் மாத்திப் பதிஞ்சதாப் போடவேணும். இல்லையெண்டா அக்கா காரை ஓடட்டும். அக்கான்ர உயரத்துக்கு இதிலயிருந்து இன்னும் துளி வெட்டினாக் காணும், ஸ்கூப் இப்பிடியே இருக்கும்.”

சிறீஸ்கந்தராசா ஸ்கூப்பில் கையை வைத்தார். மஞ்சள் இன்னும் புதுசாக மினுங்கியது. இதற்காகத்தான் காரையே வாங்கினார். வதனி ஒன்றும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டாள் என்று அவருக்கு இப்போது தெரிந்தது. தேவையென்றால் ஓட்டுவாள், மண்டபத்து வாசலில் மாப்பிள்ளையை இறக்கிவிட்டு, அவர்தான் ஓட்டினார் என்று எவரும் நினைத்தாலும் திருத்த மாட்டாள்.

“நாடாவைக் கொண்டாரும்,” என்றார்.

ஜசிந்தன் கொண்டுவந்தான். சிறீஸ்கந்தராசா சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்தார். உள்ளே இருந்த தடித்த அட்டை இரண்டையும் எடுத்து வெளியே போட்டார். கராஜ் சுவரில் முதுகை ஒட்டி, குதி நிலத்தில் பட, கழுத்தை நீட்டாமல் நின்றார்.

“அளந்துபோட்டு வெட்டும், தம்பி. நான்தான் ஓடப்போறன்.”