முடிச்சு அவிழ்ந்த சத்தம்

பன்னிரண்டு வருஷமாக யோகா சொல்லிக் கொடுக்கிறேன். எங்கள் பள்ளியில் ஒரு நம்பிக்கை உண்டு. ஆசிரியர் கை வைத்து அழுத்தும்போது மாணவரின் உடம்பில் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டால், பல வருஷத்து முடிச்சு அவிழ்ந்துவிட்டது என்று அர்த்தம். வகுப்பே கை தட்டும். அந்த ஆளுக்கு அன்றைக்கு ராஜ மரியாதை. வெளியாட்கள் கேட்டால் சிரிப்பார்கள். நாங்கள் சிரிக்கவில்லை. சத்தம் வராதவர்கள், வந்தவர்களை ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டிருந்தோம்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமைக் காலை, அந்தச் சத்தம் என் வகுப்புக்கு வரும் பஸ் டிரைவர் அக்காவின் தொடையில் கேட்டது. காலை நீட்டி உட்கார்ந்து, முன்னால் குனிந்து கால் விரலைப் பிடிக்கும் ஆசனம். அவருக்கு விரலைத் தொட நாலு அங்குலம் பாக்கி இருந்தது. பின்னாலிருந்து அவர் முதுகின் மேல் என் முழு எடையையும் போட்டேன்.

"போதும் டீச்சர்."

"மூச்சை விடுங்கக்கா, போகும்."

அவர் மூச்சை விட்டார். நான் அழுத்தினேன். டக். எல்லாரும் கை தட்டினார்கள். முதலில் தட்டியவள் நான்.

அக்கா அழுதார். முடிச்சு அவிழ்ந்தால் அழுகை வரும் என்றும் நாங்கள் நம்பினோம். அதனால் அழ விட்டோம். எதற்கெடுத்தாலும் எங்களிடம் ஒரு விளக்கம் தயாராக இருந்தது.

கிழிந்தது தசைநார். தொடையின் பின்தசை, நாம் உட்காரும் எலும்போடு ஒட்டியிருக்கும் இடத்தில். பஸ் ஓட்டுகிறவருக்குச் சோறு போடுவதே அந்த எலும்புதான். எட்டு மணி நேரம் அதன் மேல்தான் உட்கார்ந்திருக்க வேண்டும்.

மூன்று வாரம் கழித்து, ஒரு திங்கட்கிழமை, கம்பை ஊன்றிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன்.

"அதுதானே டீச்சர் முடியல," என்று சிரித்தார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

"டிப்போல நம்ப மாட்டேங்கறாங்க. பழைய வலிய மறைச்சுட்டு வேலை பாத்திருக்கேன்னு சொல்றாங்க. வியாழக்கிழமை விசாரணை. வகுப்புல என்ன நடந்துச்சுன்னு நீங்க ஒரு லெட்டர் குடுத்தா வேலை போகாது. இல்லேன்னா வீட்டுக்குப் போன்னுடுவாங்க."

"தர்றேன்க்கா."

"மாஸ்டர் விடுவாரா?"

மாஸ்டர்தான் பள்ளியை ஆரம்பித்தவர், எனக்கும் சொல்லிக் கொடுத்தவர். அவருக்குக் கோபமே வராது. கோபப்படுகிற ஆளோடு சண்டை போடலாம். புன்னகையோடு எப்படிச் சண்டை போடுவது? மறுநாள் அவர் அறைக்குப் போனபோது, சுவரோரம் பாய்களைச் சுருட்டி அடுக்கிக்கொண்டிருந்தார்.

"கண்டிப்பா எழுதிக் குடும்மா," என்றார். எனக்கு ஒரு நொடி வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. "வீட்ல தனியா பயிற்சி பண்றப்போ ஆச்சுன்னு எழுது."

"அப்படி எழுதினா அவங்க கவனக்குறைவுன்னு டிப்போ கையைக் கழுவிடும் மாஸ்டர். அதோட அது பொய்."

"உண்மைக்கு முன்னாடி அகிம்சை வருது. நீதானே வகுப்புல சொல்லிக் குடுக்கிற? நடந்ததை எழுதினா இங்க வர்ற இருநூறு பேரோட நம்பிக்கை உடையும். அது இம்சை இல்லையா?"

யோக நெறிகளின் வரிசை சரிதான். முதலில் அகிம்சை, அடுத்தது சத்தியம். அதை நானே எத்தனையோ தடவை உருகி உருகிச் சொல்லியிருக்கிறேன். இப்படி ஒரு கிழிசலைப் பூசி மெழுகவும் அது உதவும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

"அக்காவோட தொடை கிழிஞ்சது இம்சைல சேராதா?"

"அவங்க உடம்பு தயாரா இல்லம்மா."

"போதும்னு சொன்னாங்க மாஸ்டர். தயாரா இல்லாதது என் காதுதான்."

அவர் கடைசிப் பாயையும் அடுக்கிவிட்டு, அதே புன்னகையோடு திரும்பினார். "எழுதினா இந்த வாரத்தோட உனக்கு இங்க வகுப்பு இருக்காது. நான் உன்னை அனுப்பல. நீயா போறே."

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "அவசரப்படாத, கொஞ்சம் ஆறப் போடு," என்றார்.

"ஆறப் போட இது என்ன காபியா? நாளன்னிக்கு விசாரணை."

மனுஷன் எழுந்து உள்ளே போனார். பேனாவை எடுத்து வந்து மேஜையில் வைத்தார்.

'பயிற்சியின்போது காயம் ஏற்பட்டது' என்று முதலில் எழுதினேன். ஏற்பட்டதாம்! வானத்திலிருந்து தானாகக் குதித்ததா? கிழித்துப் போட்டேன். 'அழுத்தம் சற்று அதிகமாகிவிட்டது.' அதையும் கிழித்தேன். பன்னிரண்டு வருஷம் நேராக நிமிர்ந்து உட்காரச் சொல்லிக் கொடுத்தவளுக்கு ஒரு நேரான வரி எழுத வரவில்லை. மூன்றாவது தாளில் எழுதினேன்: 'அவர் போதும் என்றார். நான் கேட்காமல் அழுத்தினேன். தவறு என்னுடையது.' கையெழுத்துப் போட்டு, புதன்கிழமை காலையிலேயே அக்காவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். நின்றபடியே இரண்டு தடவை படித்தார்.

வியாழக்கிழமை மதியம் போன் வந்தது. "வேலை போகல டீச்சர். கால் சரியாகற வரைக்கும் டிப்போலயே நின்னு பாக்கற வேலை தந்திருக்காங்க." என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை.

வெள்ளிக்கிழமை என் கடைசி வகுப்பு. பத்தொன்பது பாய்கள். யாரையும் படுக்கச் சொல்லாமல், எல்லாரையும் உட்கார வைத்துச் சொன்னேன்.

"முடிச்சுன்னு ஒண்ணு கிடையாது. நாம கை தட்டினது தசைநார் கிழியற சத்தத்துக்கு. டிரைவர் அக்காவுக்குக் கிழிச்சது நான். உங்க எல்லார்கிட்டயும் மன்னிப்புக் கேக்கறேன்."

திட்டுவார்கள் என்று மனசைக் கல்லாக்கிக்கொண்டு நின்றேன். யாரும் திட்டவில்லை. பின்வரிசையிலிருந்து பல் டாக்டர் மெதுவாகத் தொண்டையைச் செருமினார். ஏழு வருஷமாக வருகிறவர். வாயைத் திறக்கச் சொல்வது தொழில் என்பதாலோ என்னவோ, வகுப்பில் தன் வாயைத் திறந்ததே இல்லை.

"எனக்கு வலது தோள் டீச்சர். ரெண்டு வருஷம் ஆச்சு. பல்லு புடுங்க இப்ப இடது கையப் பழகிட்டேன்."

"ஏன் டாக்டர் சொல்லல?"

"நீங்க அவ்வளவு சந்தோஷமா கை தட்டினீங்க. நான்தான் என்னமோ தப்பா செஞ்சுட்டேன்னு நெனச்சேன்."

ஜன்னலோரத்தில் ஒரு கை உயர்ந்தது. நடுவரிசையில் இன்னொன்று. பிறகு இரண்டு. ஆக மொத்தம் ஐந்து பேர். அத்தனை பேரையும் அழுத்தியவை என் கைகள். அழுகை முட்டியது. அடக்கிக்கொண்டேன். அழுதால் அவர்கள் எழுந்து வந்து எனக்கு ஆறுதல் சொல்லத் தொடங்கிவிடுவார்கள். அந்தச் சலுகை எனக்குக் கூடாது.

கதவைத் திறந்து மாஸ்டர் எட்டிப் பார்த்தார். "ஆசனம் ஆரம்பிக்கலையாம்மா?"

"இல்ல மாஸ்டர். இன்னிக்கு நான் கேக்கப் போறேன். நீங்களும் உள்ள வாங்க, இல்லேன்னா கதவைச் சாத்திட்டுப் போங்க."

அவர் வாசலிலேயே நின்றார். நான் நோட்டில் ஒரு புதுப் பக்கத்தைத் திருப்பி, முதல் வரியில் என் பெயரை எழுதிவிட்டு, பல் டாக்டரின் பாய்க்கு எதிரே தரையில் உட்கார்ந்தேன்.

"சொல்லுங்க டாக்டர். என்னிக்கு, எந்த ஆசனம், நான் எங்க கை வெச்சேன்?"