கழற்றிவிட்ட ஒயர்

பெரியவர் போனைக் கண்ணாடி மேசைமேல் வைத்து, "சிக்னலே இல்ல தம்பி, என்னன்னு பாருங்க" என்றதும் செல்போன் ரிப்பேர் கடைக்காரன் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தான். சிக்னல் இல்லாமல் செய்ததே அவன்தான்.

போன வாரம் இவருடைய மகள் இதே மேசைக்கு முன்னால் நின்று அழுதாள். வெளியூரில் வேலையிலிருந்த அண்ணன் விபத்தில் போய்விட்டான். அப்பாவுக்கோ நெஞ்சில் ஆபரேஷன் ஆகி, தையல்கூடச் சரியாக ஆறவில்லை. கொஞ்சம் தேறட்டும், அப்புறம் சொல்லலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வருகிறவர்களை வாசலிலேயே மடக்கிவிடலாம். போனில் துக்கம் விசாரிக்கிறவர்களை எப்படி மடக்குவது? போனை வாங்கி வைத்துக்கொண்டால் சந்தேகம் வரும். சிம்மை எடுத்தால் முதல் வேலையாகக் கழற்றிப் பார்த்துவிடுவார். காலமெல்லாம் பஸ் ஓட்டியவர், எது நின்றுபோனாலும் மூடியைத் திறந்து பார்க்கிற கை. போன் கையில் இருக்கணும், யாராலும் கூப்பிட முடியக் கூடாது, ஏதாவது பண்ணுங்கண்ணா என்றாள். போன சிக்னலைக் கொண்டுவரச் சொல்லி ஊரே அவனிடம் வரும். இருக்கிற சிக்னலைப் பிடுங்கச் சொல்லி வந்தவள் இவள் ஒருத்திதான். போனைப் பிரித்து, ஆண்டெனா ஒயரின் முனையை நெம்பி எடுத்து, பக்கத்தில் படுக்க வைத்து மூடிக் கொடுத்தான். புண்ணியம் என்றே நினைத்துச் செய்தான்.

இப்போது அந்தப் புண்ணியம் எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தது. விட்டுவிட்டுப் போங்கள், நாளைக்குப் பார்த்துச் சொல்கிறேன் என்று நழுவப் பார்த்தான். பெரியவர் அசைகிற ஆளாயில்லை. என் கண் முன்னாலேயே பிரியுங்கள் என்றார். வேறு வழியில்லாமல் பின்மூடியைச் சூடுகாட்டி எடுத்தான். வேண்டுமென்றே எல்லாத் திருகையும் மெதுவாகக் கழற்றினான். அதற்குள் ஒரு பொய் சிக்கிவிடாதா என்று பார்த்தான். வாய் கூசாமல் வாடிக்கையாளர்களிடம் அளந்த பொய்யெல்லாம் இன்றைக்கென்று எங்கேயோ போய் ஒளிந்துகொண்டது.

பெரியவர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்தார். மயிரிழை போலக் கறுப்பாக, முனை கழன்று கிடந்தது ஒயர். அதைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். அவன் தலையைத் தூக்கவில்லை.

"எம்பொண்ணுதானே?"

அவன் அவசரமாக இடுக்கியால் ஒயரின் முனையைப் பிடித்தான். மாட்டிக் கொடுத்துத் தொலைத்துவிடலாம், அப்புறம் அவர்கள் பாடு.

"மாட்டிடாதீங்க தம்பி."

பக்கத்து வீட்டுப் பையனின் போனை வாங்கி மகனுக்கு அடித்தாராம். மருமகள் எடுத்தாளாம். மாமா என்றாளாம், அப்புறம் வெறும் அழுகைதானாம். எனக்குத் தெரிந்துவிட்டதை என் மகளிடம் சொல்லாதே என்று அவளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாராம். கணக்குப் பார்த்துச் சில்லறை கொடுப்பவர்போல நிதானமாகச் சொல்லி வந்தவர், அடுத்ததைச் சொல்லும்போது மட்டும் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"எம்பொண்ணு தெனமும் வேலை முடிஞ்சு வந்து, அண்ணன் என் ஆபீஸுக்குக் கூப்பிட்டான்பா, இதைச் சொன்னான், அதைக் கேட்டான்னு சொல்றா. அந்த ஒரு நேரம் அவன் இருக்கான் தம்பி. நேத்து, போனை ரிப்பேருக்குக் குடுத்துடலாம்பான்னு ஆரம்பிச்சா. உண்மையைச் சொல்லிடப் போறா, அப்புறம் அண்ணன் பேச்சே நின்னுபோயிடும்னு புரிஞ்சுடுச்சு. அவ வந்து கேட்டா, சாமான் கிடைக்கலன்னு சொல்லிடுங்க."

எத்தனை நாளைக்கு ஐயா என்று கேட்க வாயெடுத்தான். தெருவில் மகள் வருவது தெரிந்தது. வீட்டில் அப்பாவைக் காணாமல் தேடி ஓடிவந்தவளின் ஒரு கால் செருப்பு வார் அறுந்து இழுபட்டது. யாரைக் கேட்டு வெளியே வந்தீர்கள் என்று அவரிடம் பொரிந்தாள். பிரித்துக் கிடந்த போனைக் கண்டதும் முகம் வெளிறிப்போனது.

"சாமான் கிடைக்கலம்மா. ரொம்ப நாளாகும்" என்றான் கடைக்காரன்.

அவள் அவனை நன்றியோடு பார்த்தாள். அந்தப் பார்வையை அவனால் தாங்க முடியவில்லை. ஒரு திருகை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தான்.

பெரியவர் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார்.

"அண்ணன் இன்னிக்குக் கூப்பிட்டானா?"

"கூப்பிட்டான்பா."

"சாப்பிட்டானாமா?"

அவள் அறுந்த செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். "சாப்பிட்டானாம்" என்றாள். அப்புறம் என்னென்னவோ சொல்லிக்கொண்டே நடந்தாள். அந்த நேரம் பார்த்து லாரி ஒன்று ஹாரன் அடித்தபடி கடந்து போனது. ஒரு வார்த்தையும் தவறிவிடாமல் இருக்க, பெரியவர் குனிந்து காதை மகளின் வாயருகே கொண்டுபோனார்.