இரண்டு மச்சுக்கு நடுவில்

குகதாசனுக்கு இரண்டு மச்சுக்கு நடுவில் சும்மா இருக்கத் தெரியாது. மற்ற உதைபந்தாட்ட மத்தியஸ்தர்கள் காலை மச் முடிந்ததும் மைதானத்து மரத்தடியில் சோற்றுப் பார்சலைப் பிரித்துச் சாப்பிட்டுவிட்டு, பின்னேர ஆட்டம்வரை காலை நீட்டிக்கொண்டு கிடப்பார்கள். இவருக்கு மூன்று மணித்தியாலம் இடைவெளி கிடைத்தால் போதும். மோட்டச்சைக்கிளை எடுத்துக்கொண்டு யாழ்ப்பாணம் ரவுணுக்குள் இறங்கி, கரண்ட் பில் முதல் கருவாடு வரை எல்லா அலுவலையும் ஒப்பேற்றிவிடுவார். இதற்கென்று கோப்பாயிலிருந்து இன்னொரு நாள் பெற்றோலை எரிக்க அவர் என்ன மடையனா? மனைவி உதயகலாவுக்கும் ஆளைத் தெரியும். மச் உள்ள நாளில் அவருடைய பைக்குள் ஒரு துண்டுக் கடதாசியைச் செருகிவிடுவாள்.

அன்று சனிக்கிழமை. துண்டில் மூன்று அலுவல் இருந்தது. பிரஷர் குக்கருக்கு றப்பர், மிக்ஸிக்கு பிளேட், மகள் தர்சினியின் அறுந்த செருப்பைத் தைத்து எடுப்பது. நாலாவது அலுவல் துண்டில் இல்லை. அதை அவர் ஒருவருக்கும் சொல்லவில்லை. கண்ணைக் காட்ட வேண்டும்.

உதைபந்தாட்ட மத்தியஸ்தர் ஒருவர் கண் டொக்டரிடம் போவது, கோயில் ஐயர் இறைச்சிக்கடை வாசலில் நிற்பது மாதிரி. அலுவல் என்னவாக இருந்தாலும் சனம் ஒரு கதையைத்தான் கதைக்கும். அதனால்தான் ஆறு மாதமாகப் போக்குக் காட்டிக்கொண்டு திரிந்தார். அன்று காலை வட்டுக்கோட்டைப் பக்கத்து மைதானத்தில் நடந்ததற்குப் பிறகு போக்குக் காட்ட முடியவில்லை.

அவருக்கு இடப்பக்கத்தில், கையை நீட்டினால் தொடுகிற தூரத்தில், ஒருவன் மற்றவனின் மூக்கில் முழங்கையால் இடித்துவிட்டான். அவர் காணவில்லை. லைன்ஸ்மன் செந்தூரன் கொடியை உயர்த்தி ஆட்டிக்கொண்டு நின்றான், அதையும் காணவில்லை. பந்து வலப்பக்கம் போனது, அவரும் பந்துக்குப் பின்னால் ஓடினார். திரும்பிப் பார்த்தபோது விழுந்தவனின் வெள்ளைச் சேட்டெல்லாம் இரத்தம். "றெபரிக்குக் கண் பொட்டையோ" என்று சனம் கத்தியது. இருபத்திரண்டு வருஷமாகக் கேட்டுப் புளித்த வசவுதான். அன்று மட்டும் அது அவருடைய வயிற்றுக்குள் இறங்கி அங்கேயே இருந்துகொண்டது.

பின்னேரம் நாலு மணிக்குப் புத்தூரில் இறுதியாட்டம். இந்த இருபத்திரண்டு வருஷத்தில் எத்தனையோ இறுதியாட்டங்களுக்குக் கோட்டில் கொடி பிடித்திருக்கிறார். நடுவில் நிற்கும் யோகம் இப்போதுதான் வாய்த்திருக்கிறது. வயதுக் கட்டுப்பாட்டினால் அடுத்த வருஷம் விசிலை வைத்துவிட வேண்டும். ஆக, இதுதான் முதலும் கடைசியும்.

மோட்டச்சைக்கிளை பஸ் நிலையத்தடியில் விட்டுவிட்டு, கறுப்புச் சேட்டைக் கழற்றி வேறு சேட்டுப் போட்டுக்கொண்டு, சந்து ஒழுங்கைக்குள்ளால் நடந்து போனார். தெரிந்த முகம் ஒன்று எதிரே வந்தபோது பாத்திரக் கடைக்குள் நுழைந்து குக்கர் றப்பரையும் மிக்ஸி பிளேட்டையும் வாங்கினார். இன்னொருவரைக் கண்டதும் செருப்புத் தைப்பவருக்கு முன்னால் குந்திவிட்டார். பயத்தில் துண்டில் இருந்த அலுவல் மூன்றும் அரை மணித்தியாலத்தில் முடிந்துவிட்டன. ஒழுங்கை முடிவில் இருந்த மூக்குக்கண்ணாடிக் கடையில் சனிக்கிழமைகளில் டொக்டர் றெஜினா வந்து கண் பார்ப்பார். வரவேற்பில் இருந்த பிள்ளை பெயரைக் கேட்டாள். குகதாசன் என்று சொன்னால் கடை முழுக்கத் திரும்பிப் பார்க்குமே என்ற பயத்தில், வாய்க்கு வந்த பெயரைச் சொன்னார்.

"நமசிவாயம்."

அது செத்துப்போன அவருடைய தகப்பனின் பெயர்.

காத்திருப்பவர்களுக்கான நீட்டு வாங்கில் போய் இருந்தார். பக்கத்தில் இருந்த பெரியவர் ஒரு கண்ணில் பஞ்சு ஒட்டியிருந்தார். பெயர் ஜவாஹிர், ரவுணில் இரும்புக் கடை வைத்திருக்கிறாராம். பஞ்சு ஒட்டாத கண்ணால் குகதாசனைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்கள் புட்போல் றெபரி எல்லோ?"

"இல்லை," என்றார் குகதாசன். "அது என்ரை தம்பி."

"அப்பிடியே அச்சு. காலமை தம்பியார் செய்த வேலையை என்ரை மகன் போனிலை அனுப்பியிருக்கிறான். பாருங்கோவன்."

பார்க்காமல் இருக்க முடியுமா? திரையில் குகதாசன் நின்றார். அவருடைய தோளுக்குப் பக்கத்தில் முழங்கை எழுந்தது, ஒருவன் முகத்தைப் பொத்திக்கொண்டு விழுந்தான். குகதாசன் நட்டுவைத்த வேலிக்கதியால் போல நேரே பார்த்தபடி நின்றுவிட்டு, அப்படியே ஓடினார். தலை அசையவே இல்லை. அந்த ஆளைப் பார்க்க அவருக்கே பயமாக இருந்தது.

"குறை நினையாதேங்கோ," என்றார் ஜவாஹிர் போனை மடிக்குள் வைத்தபடி. "தம்பியையும் ஒருக்கா இஞ்சை கூட்டிக்கொண்டு வாங்கோ."

உள்ளே டொக்டர் முதலில் எழுத்துகளை வாசிக்கச் சொன்னார். கடைசி வரிவரை தட்டுத்தடங்கல் இல்லாமல் வாசித்துவிட்டார். நெஞ்சுக்குள் ஒரு குளிர்ச்சி பரவியது. இவ்வளவும் தெரிகிற கண்ணுக்கு என்ன குறை? பிறகு டொக்டர் அவருக்கு முன்னால் கதிரையை இழுத்துப்போட்டு இருந்து, அவருடைய வலக்கண்ணைப் பொத்தினார்.

"என்ரை மூக்கை மட்டும் பாருங்கோ. பக்கத்திலை என்ரை விரல் ஆடுறது தெரிஞ்ச உடனை சொல்லுங்கோ."

குகதாசன் மூக்கைப் பார்த்தார். நேரம் போனது. மேலே காத்தாடி சுற்றிக்கொண்டிருந்தது. டொக்டர் எதையோ யோசிக்கிறார் போலிருக்கிறது என்று நினைத்தார்.

"தொடங்குங்கோவன் டொக்டர்."

"தொடங்கி இப்ப கனநேரம் ஐயா," என்றார் டொக்டர். குரல் மெத்தென்று இருந்தது. அப்போதுதான் டொக்டரின் கன்னத்தை ஒட்டினாற்போல ஒரு விரல் ஆடிக்கொண்டு நிற்பதைக் கண்டார். அது எங்கிருந்தும் வரவில்லை. இல்லாமல் இருந்தது, பிறகு இருந்தது.

டொக்டர் மற்றக் கண்ணையும் பார்த்தார். மெசினில் நாடியையும் நெற்றியையும் வைக்கச் சொன்னார். பிறகு, கண்ணுக்குள் அழுத்தம் கூடிவிட்டது, நரம்பு தேய்ந்து கரைப்பக்கப் பார்வை போய்விட்டது என்றார். இடக்கண்தான் மோசமாம். போனது திரும்பாது, மருந்து விட்டால் மிச்சத்தைக் காப்பாற்றலாம்.

"நேரை பாக்கிறது வடிவாத் தெரியும். அதாலைதான் ஆக்களுக்கு விளங்கிறேல்லை. திங்கக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போங்கோ, கடிதம் தாறன். எதிலை வந்தனீங்கள்?"

"மோட்டச்சைக்கிளிலை."

டொக்டர் பேனையை வைத்துவிட்டார். "பின்னாலை ஆரையும் ஏத்துறனீங்களோ?"

போன தை மாதம் கல்வியங்காட்டுச் சந்தியில் ஒரு லொறி குகதாசனின் மோட்டச்சைக்கிள் கைப்பிடியை உரசிக்கொண்டு போனது. பின்னால் இருந்த தர்சினி வீரிட்டாள். அவர் லொறிக்காரனைத் தூஷணத்தால் பேசினார், கத்தினதற்காகப் பிள்ளைக்கும் பேச்சு. கொஞ்சக் காலமாக ஓட்டோக்களும் நாய்களும் சைக்கிள்களும் திடீர் திடீரென்று முன்னால் வந்து விழுகின்றன, யாழ்ப்பாணத்தில் ஒருவருக்கும் வாகனம் ஓடத் தெரியாது என்று வீட்டில் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

"மகள்," என்றார்.

"இனி மோட்டச்சைக்கிள் ஓடாதேங்கோ."

கடிதத்தில் நமசிவாயம் என்று எழுதியிருந்தது. எழும்பி வாசல்வரை போனவர் திரும்பி வந்தார். "டொக்டர், அது என்ரை பேர் இல்லை. குகதாசன் எண்டு எழுதுங்கோ." டொக்டர் ஏன் என்று கேட்கவில்லை. வெட்டிவிட்டு எழுதிக் கொடுத்தார்.

வெளியே வந்து மோட்டச்சைக்கிளுக்குப் பக்கத்தில் நின்றபோது அவருடைய மனம் பேரம் பேசத் தொடங்கியது. டொக்டருக்குப் புத்தூர் மச்சைப் பற்றித் தெரியாது. ஒருவருக்குமே தெரியாது. இன்னும் ஒரேயொரு ஒன்றரை மணித்தியால ஆட்டம்தான். தலையைக் கொஞ்சம் கூடத் திருப்பித் திருப்பிப் பார்த்தால் போயிற்று. திங்கட்கிழமை ஆஸ்பத்திரி, அதற்குப் பிறகு விசிலும் வேண்டாம், மோட்டச்சைக்கிளும் வேண்டாம். ஒன்றரை மணிக்கு நல்லூரில் மகளின் ரியூசன் வகுப்பு விட்டுவிடும். வழமை போல தர்சினியை ஏற்றிக்கொண்டுபோய்க் கோப்பாயில் இறக்கிவிட்டு, அப்படியே புத்தூருக்குப் போகலாம். மெதுவாகத்தானே ஓடப் போகிறார்.

பருத்தித்துறை வீதியில் ஏறியதும் அந்தப் பேரம் எல்லாம் பறந்துவிட்டது. தெரியாமல் ஓடியபோது இல்லாத பயம் தெரிந்தபின் வந்து கழுத்தைப் பிடித்தது. இடப்பக்கம் திரும்பிப் பார்த்தால் வலப்பக்கம் என்ன வருகிறதோ என்று நெஞ்சு அடித்தது, வலப்பக்கம் பார்த்தால் இடப்பக்கம். பின்னால் அடித்த ஹோர்ன் ஒவ்வொன்றும் தனக்கென்றே அடித்த மாதிரி இருந்தது. திடீரென்று ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை சைக்கிளோடு அவருடைய முழங்காலடியில் நின்றாள். எப்படி வந்தாள்? பிரேக்கை இறுக்கிப் பிடித்தார். பிள்ளை காலை ஊன்றி விழாமல் நின்றுகொண்டு, "இவ்வளவு நேரமும் மணி அடிச்சனான் மாமா," என்று அழுவாரைப் போலச் சொன்னாள். குகதாசன் இறங்கிவிட்டார். எஞ்சினை நிறுத்தி, மிச்சத் தூரம் முழுவதும் வெயிலில் உருட்டிக்கொண்டே போனார்.

தர்சினிக்கு இருபது வயது. உயர்தரப் பரீட்சையை இரண்டாம் தரம் எடுக்கப் போகிறாள். லைசன்ஸ் எடுத்து நாலு மாதம் ஆகியும் அவர் ஒரு நாளும் சாவியைக் கொடுத்ததில்லை. ரியூசன் வாசலில் நின்றவள் தகப்பன் உருட்டிக்கொண்டு வருவதைக் கண்டாள். ரயரைப் பார்த்தாள். பிறகு அவருடைய முகத்தைப் பார்த்தாள்.

"ஆரப்பா சொன்னது?"

"என்னத்தை?"

"உங்கடை கண்ணை."

"உனக்கு… எப்பிடி?"

"லொறி வந்த அண்டைக்கே தெரியும். நான் கத்தினது லொறியைக் கண்டு இல்லையப்பா. அவ்வளவு பெரிய லொறி வருது, நீங்கள் திரும்பவே இல்லை. அதுக்குத்தான் கத்தினனான்." புத்தகங்களை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள். "அதுக்குப் பிறகுதான் நான் ரெண்டு பக்கமும் காலைப் போட்டு இருக்கிறது. அப்பத்தான் ரெண்டு பக்கமும் பாக்கலாம். ஓட்டோ வருது, மாடு நிக்குது எண்டு வழி முழுக்கச் சொல்லிக்கொண்டு வாறனான். நீங்கள் வாயை மூடிக்கொண்டு இரு எண்டு பேசுவியள்."

"அம்மாவுக்குச் சொன்னனியோ?"

"இல்லை. சொன்னா மச்சுக்கு விடமாட்டா. பைனல் முடியட்டும் எண்டு பாத்துக்கொண்டு இருந்தனான்."

"பயமா இருக்கேல்லையோ பிள்ளை?"

"பயம்தான். ஒவ்வொரு நாளும் பயம்தான்." மோட்டச்சைக்கிளின் பின் சீற்றைக் காட்டினாள். "இண்டைக்கும் ஏறத்தான் நிண்டனான்."

அவர் ஊர்ச் சனத்துக்கெல்லாம் பயந்து ஒழுங்கையால் ஒளித்துத் திரிந்தார். கண்டுபிடித்தவளோ அவருடைய முதுகுக்குப் பின்னால் இருந்தாள். அவருடைய ஒரு மச்சுக்காகத் தன் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இத்தனை மாதம் இருந்திருக்கிறாள். வெட்கத்தில் குகதாசனுக்கு நின்ற நிலம் போதவில்லை. போனை எடுத்து லீக் செயலாளர் சிவசுப்பிரமணியத்துக்கு அடித்தார்.

"அண்ணை, நான் பின்னேரம் வரேல்லை."

"காலமைச் சனத்துக்குப் பயந்திட்டீரோ? பொலிஸ் ரெண்டு பேர் நிக்கினம். பயப்பிடாமல் வாரும்."

ஓம், பயந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அது லேசான வழி. தர்சினி பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எனக்குக் கண் தெரியேல்லை அண்ணை. காலமை அந்த அடியை நான் காணவே இல்லை. செந்தூரன் கண்டவன். அவனை நடுவிலை விடுங்கோ."

செயலாளர், "கவனமா வீட்டை போம்," என்று சொல்லி வைத்துவிட்டார்.

சாவியை மகளிடம் நீட்டினார். அவள் கண்ணைத் துடைத்துவிட்டு ஏறினாள். அவர் பின்னால் ஏறிப் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டார். இருபாலைச் சந்திக்கு வந்ததும் தர்சினி நிறுத்திக் காலை ஊன்றினாள். அவரும் பழக்கத்தில் தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் அப்படியும் இப்படியும் ஓட்டினார். வீதி வெறுமையாகத்தான் கிடந்தது.

"ஒண்டும் இல்லைப் பிள்ளை, எடு," என்றார்.

அவள் எடுக்கவில்லை. காலை ஊன்றியபடியே நின்றாள். இடப்பக்கத்தால் ஒரு பஸ் வந்து அவர்களுக்கு முன்னால் கடந்து போனது.